வடதுருவத்துக் கேசிங் பைப்பும் மாமா வீட்டுப் பந்தியும்

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு வடதுருவ அரசியலில் ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம் அனுதாபம் வரும். "அதுக்கு எதுக்கும்மா பிஎச்டி, ஃப்ரிட்ஜைத் தொறந்து பாத்தாப் போதாதா?" என்று எங்கள் தெருவில் ஒருவர் கேட்டார். இன்னொருவர் உண்மையான அக்கறையோடு, "ஐஸ் ஃபேக்டரி வைக்கறதுக்குப் படிக்கிறியா?" என்றார். நான் கோபப்படுவதில்லை. பங்குனி வெயிலில், மின்விசிறி அனல் காற்றை இறைக்கும் அறையில் உட்கார்ந்து, கடல் உறைந்துபோன நாடுகளின் ஒப்பந்தங்களைப் படிப்பதில் எனக்கே ஒரு கிறுக்குச் சந்தோஷம் உண்டு.

விஷயம் எளிது. தென்துருவத்தில் நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்கிற மாதிரி ஓர் உடன்படிக்கை இருக்கிறது. உரிமை கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம், எல்லாரும் ஆராய்ச்சியைப் பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். வடதுருவம் அப்படியில்லை. நடுவில் கடல், சுற்றிலும் நாடுகள், ஒவ்வொன்றுக்கும் கரை, கொடி, ராணுவம். ஆனாலும் வெகு காலம் அந்த நாடுகளின் விஞ்ஞானிகள் ஒரே கூடாரத்தில் தூங்கினார்கள், ஒரே அடுப்பில் சூப் காய்ச்சினார்கள். தலைநகரங்களில் தலைவர்கள் முறைத்துக்கொண்ட நாள்களில்கூட அங்கே வேலை நடந்தது. அப்புறம், சில வருடங்களுக்கு முன்னால், தெற்கே எங்கோ ஒரு சண்டை வந்தது. கூட்டு வேலைகள் நின்றன. மின்னஞ்சல்கள் நின்றன. இரண்டு பேர் சேர்ந்து தோண்டிய குழியில் ஆளுக்குப் பாதி என்று ஆகிவிட்டது.

பாதிக் குழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதுதான் என் ஆய்வின் கேள்வி, கொஞ்சம் நாகரிகமான சொற்களில்.

எங்கள் துறையில் இதைப் பற்றி ஒரு கருத்தரங்கு வைக்கலாம் என்று என் வழிகாட்டி சொன்னதும் நான் அழைப்புக் கடிதங்களை எழுதித் தள்ளினேன். சேலம் எங்கே இருக்கிறது என்று விளக்கவே ஒரு பத்தி தேவைப்பட்டது. பெரும்பாலானவர்கள் திரையில் வருவதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் மட்டும் நேரில் வருவதாக எழுதினார்கள். ஒருவர் நிரந்தரமாக உறைந்த மண்ணின் வெப்பநிலையை அளக்கும் பேராசிரியை. இன்னொருவர் அந்த மண்ணில் துளை போடும் பொறியாளர். சண்டைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அறையில் தனியாக ஒரு சுற்று ஆடினேன்.

மறுநாளே பொறியாளரின் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. அவர் வரலாம். ஆனால் எதிர்த்தரப்பு நாடுகளைச் சேர்ந்த எவரோடும் ஒரே மேடையில் அமரக் கூடாது. ஒரே புகைப்படத்தில் இருக்கக் கூடாது. கூட்டாக எதிலும் கையெழுத்திடக் கூடாது. ஆராய்ச்சி குறித்து அவர்களோடு உரையாடக் கூடாது. பேராசிரியையின் நிறுவனமும் இதையே எழுதியிருந்தது, கொஞ்சம் சர்க்கரை போட்டு.

"ரெண்டு பேரையும் பத்திரமா வரவெச்சு, பத்திரமா அனுப்பிடும்மா," என்றார் என் வழிகாட்டி. "வேற எதுவும் நடக்க வேண்டாம். நடக்கலைன்னு நீயே ஒரு அறிக்கை எழுதிக் குடுத்துடு."

இரண்டு பேருக்கும் சேலத்து ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில்தான் அறை போட்டேன், ஆனால் வேறு வேறு தெருவில். வேறு வேறு கார். தேநீர் இடைவேளையில் ஒருவருக்கு ஜன்னல் ஓரம், ஒருவருக்கு அறிவிப்புப் பலகை ஓரம். வண்ணம் தீட்டி ஓர் அட்டவணையே போட்டிருந்தேன். ஐக்கிய நாடுகள் சபையில் என்னை ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பேராசிரியையைப் பெங்களூர் விமான நிலையத்திலிருந்து அழைத்துவர நானே போனேன். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். தொப்பூர்க் கணவாயில் லாரிகள் முக்கி முனகி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, வண்டியில் எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னார்:

"நான் இங்கே வந்தது ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான். தெரியாமல் திரும்பிப் போகவும் தயாராக வந்திருக்கிறேன்."

அந்த விஷயம் இதுதான். அவர்கள் இரண்டு பேரும் பல கோடைகள் சேர்ந்து வேலை செய்தவர்கள். பொறியாளர் துளை போடுவார், இவர் அதற்குள் வெப்பமானிகள் கோத்த கம்பியை இறக்குவார். துளையின் வாயில் ஓர் இரும்புக் குழாய் நிற்கும். நம் ஊரில் போர் போடும்போது இறக்குகிற கேசிங் பைப் மாதிரிதான். கம்பி அந்தக் குழாயின் தலையிலிருந்து தொங்கும். சண்டை வந்து இவர் அங்கே போக முடியாமல் போன பிறகும், கருவி கொஞ்ச காலம் செயற்கைக்கோள் வழியாக அளவுகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசியாக வந்த கோடை அளவுகளில் ஒரு பெரிய தாவல். மண் திடீரென்று சூடாகியிருந்தது. அடுத்த குளிர்காலம் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

"மண் உண்மையிலேயே சூடானதா, இல்லை குழாய் எழுந்துவிட்டதா?" என்றார். "மேல்மண் உறையும்போது விரியும். குழாயை இறுக்கிப் பிடித்து மேலே தூக்கிவிடும். குழாய் எழுந்தால் வெப்பமானிகளும் அதோடு எழும். மேலே வந்தால் கோடையில் சூடாகத்தானே காட்டும்? அந்தக் குழாயைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர்தான்."

"கடிதம் எழுதினீர்களா?"

"எழுதினேன். பதில் இல்லை. அவர் எழுதாததுதான் சரி. எழுதினால் அந்த நிலத்துக்குப் போகும் அனுமதி அவருக்கும் போய்விடும். அப்புறம் அந்தக் குழியைப் பார்க்க உலகத்தில் ஆளே இருக்காது."

அந்தத் தாவலை அவர் இன்னும் வெளியிடவில்லை. பொய்யாக இருந்து வெளியிட்டால், வாழ்நாள் வேலையைப் பார்த்து ஊர் சிரிக்கும். உண்மையாக இருந்து மறைத்தால், அதைவிடக் கேவலம். அவருடைய மாணவர்கள் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார். கணவாய் முடிந்து வெயில் வண்டிக்குள் பாய்ந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா," என்றார். பிறகு தூங்கிவிட்டார்.

பொறியாளர் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தார். வர வேண்டிய நேரத்துக்கு வெகு நேரம் கழித்துத்தான் வந்தார். சங்ககிரியைத் தாண்டியதிலிருந்து சாலையோரம் நின்ற, போர்வெல் போடும் ஒவ்வொரு ரிக் வண்டியையும் இறங்கிப் பார்த்திருக்கிறார். டிரைவர் என்னிடம், "அக்கா, இவரு வண்டியத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாருங்க. நம்ம மாரியாத்தாளுக்குக்கூட இத்தன கும்புடு போட மாட்டோம்," என்றார். ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த முகம், குழந்தைச் சிரிப்பு. நான் மெதுவாக, "பேராசிரியை நேற்றே வந்துவிட்டார்," என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இங்கே வெயில் நன்றாக இருக்கிறது," என்றார்.

கருத்தரங்கு நாளில் என் அட்டவணை அற்புதமாக வேலை செய்தது. ஒருவர் கதவு வழியாக உள்ளே வரும்போது இன்னொருவர் மறு கதவு வழியாக வெளியே போனார். அது அவ்வளவு கச்சிதமாக நடக்க நடக்க எனக்கு அந்த அட்டவணையையே கிழித்துப் போட வேண்டும்போல இருந்தது. பேராசிரியை தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அறையின் மறுகோடியைப் பார்ப்பார். தேநீர் ஆடை கட்டிவிடும்.

பொறுக்க முடியாமல், பொறியாளர் பேசி முடித்ததும் நானே எழுந்து கேள்வி கேட்டேன். பொதுவாகக் கேட்பதுபோல, உறைந்த மண்ணில் நிறுத்தும் குழாய்கள் மேலே எழுவதுண்டா என்று. அவர் என்னைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த பதிவுக் கேமராவைப் பார்த்தார்.

"மிக நல்ல கேள்வி," என்றார். "என் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் அனுப்புங்கள்."

அரங்கம் சிரித்தது. மாடிப்படியில் அவரைப் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே, "என் நிறுவனத்தின் கடிதத்தை நீங்கள் படித்தீர்கள் அல்லவா?" என்றார்.

"படித்தேன்."

"நானும் படித்தேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலை மாமாவின் போன். என் அம்மாவின் தம்பி. இளவயதில் லாரி ஓட்டியவர், அஸ்ஸாம் வரைக்கும் போய்வந்தவர். இப்போது சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் ரிக் வண்டிகள் வைத்துப் போர்வெல் போடுகிறார். மறுநாள் அவருடைய புது வண்டிக்குப் பூஜை, கிடா விருந்து. துளை போடுகிற வெளிநாட்டுக்காரர் ஒருவரை அழைத்துவருவதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன்.

"அம்மிணி, ஒருத்தருதான் வாராருன்னியாமா. இன்னொருத்தங்களும் இருக்காங்களாமே, ஒரு அம்மா?"

"இருக்காங்க மாமா. ஆனா அவங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கக் கூடாதுங்க."

"ஏஞ்சாமி, சண்டையா?"

"அவங்களுக்குள்ள சண்டை இல்லைங்க. அவங்க நாட்டுக்குள்ள சண்டை."

"நாட்டுக்குச் சண்டைன்னா இவிங்க சோறுண்ணப்படாதா? நல்ல நாயமா இருக்குதே! அந்தம்மாள மட்டும் ரூமுல உட்டுப்போட்டு வந்தீனா நாளைக்கு எம்மூஞ்சியில எப்படி முழிப்பே? நாங் காரு அனுப்பறேன், கூட்டியா."

மாமா 'காரு அனுப்பறேன்' என்றால் அது முடிந்துபோன காரியம். இரவு உட்கார்ந்து அட்டவணையைத் திருத்தினேன். பொறியாளர் பூஜைக்கு வந்து முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார். அதன்பிறகு பேராசிரியை வந்து மூன்றாம் பந்தியில் உட்காருவார். நடுவே ஒரு பந்தி இடைவெளி. இரண்டு பேருக்கும் பந்தி ஒழுக்கம் பற்றிக் குறிப்பும் அனுப்பினேன்: வலது கையால் சாப்பிடவும். இலையில் வைத்ததைக் கொஞ்சமாவது தொடவும். வரிசையில் எல்லாரும் முடிக்கும்வரை எழுந்திருக்க வேண்டாம். நடுவில் எழுந்தால் விருந்து கொடுத்தவருக்கு அவமரியாதை.

மறுநாள் மாமாவின் யார்டில் புது ரிக் மஞ்சளும் சிவப்புமாக நின்றது. கோபுரத்தை வானத்துக்கு நிமிர்த்தி, உச்சியிலிருந்து ஆளுயர மாலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பொறியாளரைப் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார்கள். அவர் இரண்டு கையாலும் தூக்கி உடைத்த உடைப்பில் முதல் வரிசையில் நின்றவர்கள் சட்டை எல்லாம் குங்குமம். கைதட்டல். அவர் வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் இரண்டாவது கார் வந்து நின்றது. மூன்றாம் பந்திக்கு வர வேண்டிய பேராசிரியை, முதல் பந்திக்கு இலை போடும்போதே இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா இவ்வளவு சீக்கிரம்?" என்று டிரைவரிடம் பாய்ந்தேன்.

"ரோடு காலிங்க. ஒரே மிதி," என்றார் அவர் பெருமையாக.

சமாளிக்கலாம் என்று நினைத்தேன். பந்தல் நீளமானது. பொறியாளரை ஒரு கோடியில் உட்கார வைத்தேன். பேராசிரியையை மறுகோடியில், பெண்கள் பக்கம். நடுவில் மாமாவின் லாரி டிரைவர்கள், கிளீனர்கள், பங்காளிகள், கோழிப்பண்ணைக்காரர்கள் என்று ஒரு கண்டமே இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் மாமா குழம்பு வாளியோடு வந்துவிட்டார்.

"என்றா இது? வெளியூரு ஒறம்பரைய, விருந்துக்கு வந்தவங்கள, இப்படியா ஆளுக்கொரு மூலையில உக்கார வெப்பாங்க?" என்று பந்தலே கேட்கச் சத்தம் போட்டார். "கவுகாத்தியில நாங் காச்சல்ல கெடந்தப்ப, நம்ம ஊரு நம்பரு பிளேட்டப் பாத்துட்டு எறங்கி வந்து ரசஞ்சோறு போட்டானே ஒருத்தன், அவன் எனக்கு மாமனா மச்சானா? ஊரு உட்டு ஊரு வந்தா நம்ம பக்கத்தாளோட உக்காந்து உங்கறதுதான் சொகம். ஏனுங்கம்மா, எந்திரிச்சு வாங்க. உங்கூர்க்காரரு இங்க இருக்காரு."

மாமாவுக்குக் கணக்குத் தெளிவாக இருந்தது. இரண்டு பேரும் வெள்ளை. இரண்டு பேரும் பனியிலிருந்து வந்தவர்கள். ஆகவே ஒரே ஊர்.

"மாமா!" என்று கத்தினேன். பொறியாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனர் அண்ணன் ஏற்கெனவே எழுந்து இடம் விட்டிருந்தார். இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தார்கள். உப்பு வைத்துவிட்டார்கள். உப்பு வைத்த இலையிலிருந்து ஆளை எழுப்ப எனக்கு எந்தப் பன்னாட்டுச் சட்டமும் உதவாது.

பேராசிரியை உட்கார்ந்தார். நேராகப் பார்த்தபடி இருந்தார். பொறியாளர் என்னைப் பார்த்தார்.

"எழுந்திருக்கக் கூடாது, இல்லையா?"

"கூடாது," என்றேன்.

"எல்லாரும் முடிக்கும்வரை?"

"எல்லாரும் முடிக்கும்வரை."

அவர் பெருமூச்சு விட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அது வருத்தப் பெருமூச்சு மாதிரி இல்லை.

என் அத்தை பையன் செல்போனைத் தூக்கினான். நான் பாய்ந்து அதன்மேல் கையை வைத்து, "மாமா, போட்டோ மட்டும் வேண்டாங்க! எடுத்தா இவருக்கு வேலை போயிரும்!" என்றேன். மாமாவுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். வேலை போவது என்றால் என்னவென்று தெரிந்தவர். "ஆரும் போட்டா எடுக்கப்படாது! எடுத்தவனுக்கு எலும்பு கெடையாது, வெறுங்கொழம்புதான்!" பந்தல் முழுக்கச் செல்போன்கள் சட்டைப் பைக்குள் போயின.

இரண்டு பேரும் அவரவர் இலையைப் பார்த்தே சாப்பிட்டார்கள். பள்ளிபாளையம் சிக்கன் வந்தது. அதில் பாதி கோழி, பாதி வரமிளகாய். பொறியாளர் மிளகாயைத் தக்காளித் தோல் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றை வாயில் போட்டு மென்றார். முகம் சிவந்தது, கருத்தது, கண்ணில் நீர் கொட்டியது. பேராசிரியை அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. தன் மோர் டம்ளரை விரலால் மெதுவாகத் தள்ளினார். பொறியாளர் அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். கடிதத்தில் மோர் பற்றி ஒன்றும் இல்லை என்பதை நான் மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டேன்.

மாமா மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றார். பக்கத்தில் நான், மொழிபெயர்ப்பாளராக.

"கேளு அம்மிணி. அங்கெல்லாம் போர் போட்டா எத்தன அடியில தண்ணி வருமாம்?"

கேட்டேன். பொறியாளர் இருமலுக்கு நடுவே சிரித்தார். "தண்ணீர் வந்தால் எங்களுக்கு அழுகை வரும். மண் உறைந்தே இருக்கிறதா என்று பார்க்கத்தான் துளை போடுகிறோம்."

மாமா வாளியைக் கீழே வைத்துவிட்டார். "தண்ணி வராம இருக்கோணும்னு போர் போடறாங்களா! அட, இந்தத் தொழிலு நெம்ப நல்லாருக்குதே. நம்மூர்ல போட்டா பாதி எடத்துல அப்படித்தான் வருது, அதுக்கு நாம திட்டுல்ல வாங்கறோம்!"

வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் பேராசிரியை தலையைத் தூக்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னிடம் சொன்னார்:

"அந்தக் குழாய் எழுந்ததா என்று தெரிந்துகொள்ள உங்கள் மாமாவுக்கு ஆசை இருக்கும் என்று நினைக்கிறேன்."

கடிதத்தில் மாமாவைப் பற்றியும் ஒன்றும் இல்லை. மாமா பக்கம் திரும்பினேன்.

"மாமா, இவர் போட்ட போர்ல கேசிங் பைப்பு மேல எந்திரிச்சுதான்னு கேளுங்க."

"நான் எதுக்குக் கேக்கோணும்?"

"கேளுங்க மாமா. காரியமா."

"அந்தம்மாதான கேக்கச் சொல்றாங்க? பக்கத்துலயே உக்காந்திருக்காங்க, திரும்பிக் கேட்டா என்ன, கழுத்துச் சுளுக்கா?"

"அவங்க கேக்கக் கூடாதுங்க மாமா. நீங்க கேக்கலாம். இங்க இருக்கறவங்கள்ல நீங்க மட்டுந்தான் கேக்கலாம்."

மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு பேரையும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். பெண் கேட்கப் போன வீட்டில் பேச்சை எடுக்கும்போது ஒரு தொனி வருமே, அதே தொனியில்:

"ஏனுங்க, உங்க கேசிங்கு மேல வந்துதுங்களா?"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கேள்வி பிறந்த இடம் பொறியாளருடைய இடது முழங்கையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. ஆனாலும் அவர் காத்திருந்து, முழுவதையும் கேட்டு, மாமாவை மட்டும் பார்த்துப் பதில் சொன்னார்.

"நீங்கள் இந்தத் தொழில் செய்கிறவர். விருந்து வைத்தவரும்கூட. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. கூட்டு வேலை நின்ற பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த குளிர்காலத்தின் தொடக்கத்தில் மண் அதைத் தூக்கியது. இவ்வளவு." கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து இலையின் ஓரத்தில் வைத்துக் காட்டினார்.

"ஒரு சாணு," என்றார் மாமா.

பேராசிரியையின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"கண்ணால் பார்த்துச் சொல்கிறாரா, அளந்தாரா என்று மாமா கேட்பார்," என்றார் என்னிடம்.

"அளந்தாரான்னு கேளுங்க மாமா."

"ஏனுங்க, டேப்பு வெச்சுப் பாத்தீங்களா?"

"டேப் வைத்து அளந்தேன். அங்கே பாறையில் பதித்த ஒரு போல்ட் இருக்கிறது. அதற்கு யாரோ சிவப்பு வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள், எல்லாரும் எங்கிருந்து அளக்க வேண்டும் என்று தெரிவதற்காக. நல்ல வேலைக்காரர், அதைப் பூசியவர். அந்த இடத்திலிருந்து அளந்தேன்." ஒரு எண்ணைச் சொன்னார். மில்லிமீட்டர் வரைக்கும். அந்த எண் அவர்களுடையது, நான் இங்கே எழுதப்போவதில்லை.

நான் மொழிபெயர்த்து முடிக்கும்போது பேராசிரியை இலையின் காலியான பக்கத்தில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். ஒரு கோடு, அதன்மேல் புள்ளிகள், பக்கத்தில் எண்கள். வாழை இலையில் நகம் பட்ட இடம் கொஞ்ச நேரத்தில் கறுக்கும். ஒரு வரைபடம் மெல்ல மெல்லக் கறுத்து எழுந்துவந்தது. கூட்டினார், கழித்தார், உதட்டைக் கடித்தார், மறுபடி முதலிலிருந்து கீறினார்.

இதற்குள் வரிசையில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அடுத்த பந்திக்காரர்கள் வந்து நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். பொறியாளரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரியவர் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார். "கை காயுதுங்க மாமோவ்," என்று கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு பேர் இலையை மடிக்கக் குனிந்தார்கள். மடித்தால் வரிசை எழுந்துவிடும், எழுந்தால் இவர்களும் எழ வேண்டியதுதான். நான் மாமாவைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

"ஆரும் எந்திரிக்கப்படாது!" என்று மாமா உறுமினார். "எருமத் தயிரு இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள என்ன அவசரம்? எல்லாத்துக்கும் இன்னொருக்காச் சோறு போடுறா!"

"மாமா, வயிறு வெடிச்சுரும்ங்க!"

"வெடிக்கட்டும். நாந் தெச்சுத் தாரேன்."

தயிர்ச் சோறு மறுபடி ஒரு சுற்று வந்தது. லாரி டிரைவர்கள் முனகிக்கொண்டே பிசைந்தார்கள். பின்னால் நின்ற பெரியவர் ஒற்றைக் காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். பேராசிரியை கடைசிக் கோட்டைக் கீறி முடித்து நிமிர்ந்தார். முதல் முறையாக மாமாவின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"தாவலில் பாதி குழாயால் வந்தது. மீதி குழாய் இல்லை. மீதி மண்."

நான் தமிழில் சொன்னேன். மாமா தலையை ஆட்டினார். பொறியாளர் தயிர்ச் சோற்றைப் பார்த்தபடி, மாமாவிடம்தான் சொன்னார்:

"நானும் அப்படித்தான் நினைத்தேன். சொல்வதற்கு ஆள் இல்லை."

இதை நான் மொழிபெயர்க்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். மாமா, "உடு சாமி, புரிஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டு அவருடைய இலையில் இன்னொரு கரண்டி தயிரை ஊற்றினார்.

பிறகு இலைகள் மடிந்தன. இரண்டு பேரும் எழுந்து, தனித்தனிக் குழாயில் கை கழுவினார்கள். அவரவர் காரில் ஏறினார்கள். கை குலுக்கவில்லை. ஆனால் பேராசிரியையின் கார் முதலில் கிளம்பியபோது, ரிக்கின் அருகில் நின்ற பொறியாளர் வண்டியின் கோபுரத்தைப் பார்ப்பதுபோலத் தலையை உயர்த்திக் கையைத் தூக்கினார். வெயிலுக்காகக் கண்ணை மறைத்தாரா, கையசைத்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

என் அறிக்கையை அன்றைக்கே எழுதினேன். இரு விருந்தினர்களும் ஒரே மேடையில் தோன்றவில்லை. ஒரே புகைப்படத்தில் இல்லை. எதிலும் கூட்டாகக் கையெழுத்திடவில்லை. ஆராய்ச்சி குறித்துத் தங்களுக்குள் உரையாடவில்லை. ஒவ்வொரு வரியும் உண்மை. என் வழிகாட்டி இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நல்லா இருந்துச்சுங்க சார்."

"நல்லது," என்று கையெழுத்துப் போட்டார்.

பேராசிரியையின் கட்டுரை பிறகு வெளிவந்தது. தாவல் முன்பு நினைத்ததைவிடச் சிறியது என்றும், ஆனால் அது உண்மை என்றும், குழாய் எழுந்திருக்கக்கூடிய அளவைக் கழித்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். நன்றி சொல்லும் பகுதியில், தென்னிந்தியாவில் துளைப்புத் தொழில் செய்யும் ஒரு நண்பருக்கு, பயனுள்ள கேள்விகளுக்காக, என்று ஒரு வரி. அதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "நான் என்ன கேட்டேன்? நீ சொன்னதக் கேட்டேன்," என்றார். இருந்தாலும் அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொல்லி, யார்டில் டீசல் பில் மாட்டும் ஆணிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.

விஷயம் அதோடு முடியவில்லை. பூஜையன்று வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த நேரத்தில் பொறியாளர் மாமாவின் எண்ணை வாங்கியிருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது. இப்போது இரண்டு தொழில்காரர்களும் குரல்செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். துளைக்கும் பிட்டின் தேய்மானம், கம்ப்ரசர் சூடு, மண்ணின் குணம். இவர் தமிழில், அவர் நிதானமான ஆங்கிலத்தில், நடுவில் நான். எப்போதாவது பேராசிரியை எனக்கு எழுதுவார்: உங்கள் மாமா நலமா, இந்தப் பருவத்தில் அவருக்கு ஏதாவது தெரிந்துகொள்ள ஆசையா? அதைப் படித்ததும் நான் பேருந்து பிடித்துச் சங்ககிரிக்குப் போய்விடுவேன்.

போன வாரம் போயிருந்தேன். கேட்க வேண்டியதை மாமாவிடம் சொன்னேன். அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரிக் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி, வடதுருவம் வரைக்கும் கத்தினார்:

"ஏனுங்க, நல்லாருக்கீங்களா? சாப்ட்டீங்களா? இந்த வருசம் கேசிங்கு எப்படீங்க, எந்திரிச்சுதா, அப்படியே நிக்குதா? பாத்துச் சொல்லுங்க. அவசரமில்லீங்க. ஆனா சொல்லோணும்."